ஒரு பந்து பாக்கி

பெட்டியில காலு பட்டுராம உக்காருங்க சார். கண்ணாடி போட்ட ஷீல்டு. ஒடைஞ்சா திரும்பத் திருநெல்வேலிக்கு ஓடணும். அதுக்கு எனக்குத் தெம்பும் கெடையாது, அவனுக்கு அந்த யோக்கியதையும் கெடையாது.

எவனுக்குன்னு கேக்கீங்களா? கேளுங்க, கேட்டாத்தான சொல்ல முடியும். நீங்க தென்காசி வரைக்குமா? அப்பத் தோதாப் போச்சு. நான் பூவாணிகுளம் விலக்குல எறங்கிருவேன். அதுவரைக்கும் ஒரு பேச்சுத் துணை.

தகட்டுல எழுத்து வெட்டிருக்கு, பாருங்க. 'கடைசி ஓவர் காவலன் கு. குத்தாலிங்கம் சுழற்கோப்பை.' கடைக்காரன் மொதல்ல 'நினைவுச் சுழற்கோப்பை'ன்னு போட்டு வச்சிருந்தான். ஆளு உசுரோடதான்யா இருக்கான்னு சொல்லி மாத்த வச்சு வாங்கிட்டு வாறேன். மாத்தாமலே விட்டிருக்கலாம், சவம். காவலனாம். எதக் காத்தான்? வெண்ணெ திரண்டு வாற நேரத்துல தாழிய ஒடச்சவன் அவன். ஒடச்சவன் பேர்ல சுழற்கோப்பை, அத வாங்கிட்டு வாறதுக்கு நான். ஏன்னா நாந்தான் கிளப்புக்குத் துணைத்தலைவராம். இருக்கதுலயே வயசானவன்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்ல.

உங்களுக்குக் கிரிக்கெட் தெரியுமா? தெரியாதா. அதுவும் நல்லதுதான், தெரிஞ்சவன்ட்டப் பேசிப் பேசி எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துட்டு. எளிசாச் சொல்லுதேன். ஆறு பந்து போட்டா ஒரு ஓவர். எங்க பக்கத்துல டென்னிஸ் பந்து மேட்ச், ஒரு டீமுக்குப் பன்னெண்டு ஓவர். பதினோரு ஓவர மத்தவன்லாம் மாறி மாறிப் போடுவான். வெயில்ல நாக்கத் தள்ளிக்கிட்டு ஓடி ஓடிப் போடுவான். கடைசி ஒரே ஒரு ஓவர், அத மட்டும் இவன்ட்டக் குடுப்பாவ. அதுவரைக்கும் ஐயா எல்லைக்கோட்டுப் பக்கம் வேப்பமர நெழல்ல நிப்பாரு. ஜெபசிங்குன்னு ஒருத்தன், அவந்தான் கேப்டன், அவந்தான் விக்கெட் கீப்பரும். அவன் கையக் காட்டுனா இவரு பைய நடந்து வருவாரு. தொப்பியக் கழத்தி மடிச்சு அம்பயர்ட்டக் குடுப்பாரு. நாலே எட்டு ஓடி வந்து ஆறு பந்தப் போடுவாரு. தொப்பிய வாங்கி மாட்டிக்கிடுவாரு. சனம் தூக்கிட்டு ஆடும். நோகாம நொங்கு திங்கதுன்னா இதான் சார்.

ஊரே கூடித் தேர இழுத்து நிலைக்குக் கொண்டாந்து விடும். சக்கரத்துக்கு அடியில கடைசியாக் கட்டையப் போட்டவனுக்கா மாலை? நான் கேட்டேன் இத. சலூன்ல வச்சுக் கேட்டேன்.

எங்க ஊர்ல எல்லா வழக்கும் பேச்சிக்கண்ணு சலூன்லதான் நடக்கும். பேச்சிக்கண்ணு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருபத்திரெண்டு வருஷமா நடக்கு. பாதித் தலய வெட்டிட்டுக் கத்திரிய நீட்டிக்கிட்டுப் பேசுவான் அவன். பாதித் தலையோட உக்காந்திருக்கவன் அவன் கட்சிக்குத்தான பேசுவான், வேற என்ன செய்வான்? "பத்தொம்போது மேட்ச்ச கடைசி ஓவர்ல ஜெயிச்சுக் குடுத்தாம்லா அண்ணாச்சி, அதுக்கு என்ன சொல்லுதீய?"ம்பான். நான் என்ன சொல்லுவேன்? கடைசி ஓவர்ல எவன் பேட் புடிக்க வருவான்? ஒம்போதாவது ஆளு, பத்தாவது ஆளு. சாரத்த மடிச்சுக் கட்டிட்டு, மட்டைய மம்பட்டி மாதிரிப் புடிச்சிட்டு வாறவன். அவன அவுட் எடுக்கதுக்குக் காவலன் வேணுமா? எங்க வீட்டுச் சேவலப் பத்திவிட்டாக்கூட எடுத்துட்டு வரும்.

அவன் மூத்த மவ பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிலருந்து சைக்கிள்ல வந்து ஆறு பந்து போட்டுட்டுப் போனான்னு ஒரு கத உண்டு. இதச் சொல்லும்போது பேச்சிக்கண்ணுக்குக் கண்ணு கலங்கிரும். ஆறு பந்துக்கு வாறதுக்கு என்ன கேடு? கல்யாண வீட்டுல தல காட்டிட்டுப் போற மாதிரி வந்துட்டுப் போவேண்டியதுதான். பொண்டாட்டி என்ன பாடு பட்டாளோ, அத எவனும் பேச மாட்டான்.

நான் யாருன்னு சொல்லலையே. சண்முகையா. மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டென்ட்டா இருந்து ரிட்டயர்டு. ஊர்ல ஸ்கோர் சண்முகையான்னு கேட்டாத்தான் தெரியும். இளந்தென்றல் கிரிக்கெட் கிளப் ஆரம்பிச்ச நாள்லருந்து ஸ்கோர் எழுதுனவன் நாந்தான். அப்பல்லாம் ரெண்டு ஸ்கோரர் கெடையாது, போர்டு கெடையாது. ஒரு புக்கு, ஒரு மேச, ஒரு ஆளு. அம்பயருக்கே சந்தேகம் வந்தா என்னப் பாத்துத்தான் கேப்பான், "அண்ணாச்சி, பந்து எத்தன?"ன்னு. நான் சொன்னா அதுக்கு அப்பீலு கெடையாது. பதினாலு வருஷம் எழுதிருக்கேன், ஒரு அடித்தல் திருத்தல் காட்டச் சொல்லுங்க பாப்போம். ஆனா கிளப்புல எடுத்த குரூப் போட்டோவுல என் மொழங்கை மட்டுந்தான் இருக்கு. நடுவுல நிக்கான் குத்தாலிங்கம், பல்லக் காட்டிக்கிட்டு.

ஆமா, எனக்கு அவனக் கண்டா ஆகாது. ஒளிச்சுப் பேச என்ன இருக்கு? ஆனா நான் வாயால வம்பு பேசுதவன் இல்ல, எழுத்த வச்சுப் பேசுதவன். இருபத்திரெண்டு வருஷத்துக்கு முந்தி நாங்க தோத்த அந்தப் பைனல் மேட்ச்சு புக்கு எங்கிட்ட இருக்கு. சலூன்ல எவனாவது எகிறுனா, 'புக்குல இருக்குவே'ம்பேன். அதோட அடங்கிருவானுவ. ஒருநாளும் அத சலூனுக்குக் கொண்டு போனது கெடையாது. முடி ஒட்டுன கையோட கண்டவனும் பெரட்டுததுக்கா நான் எழுதுனேன்? பீரோவுல துணிக்கு அடியில வச்சிருக்கேன். வச்சிருந்தேன். இன்னைக்குக் காலையிலதான் வெளிய எடுத்தேன்.

ஏன்னா இன்னைக்குச் சாயங்காலம் கிளப்போட முப்பதாம் வருஷ விழா. பள்ளிக்கூட மைதானத்துல பந்தல், மைக்கு, எம்.எல்.ஏ. வாறாரு. ஷீல்டக் குடுக்கதுக்கு முந்தி துணைத்தலைவர் நாலு வார்த்த பேசணுமாம். பேசுதேன். நாலு வார்த்த இல்ல, ஒரு ஓவர் பூராவும் பேசுதேன். புக்க விரிச்சு வச்சு, பைனல்ல இவன் போட்ட கடைசி ஓவர ஒவ்வொரு பந்தா வாசிக்கப் போறேன். ஊரு கேக்கட்டும். அதுக்கு மேலயும் காவலன்னு சொல்லுதவன் சொல்லிக்கிடட்டும். இதுக்காக இருபத்திரெண்டு வருஷம் காத்திருக்கேன் சார்.

மரியாத இல்லாமப் பேசுதேன்னு நெனைக்காதீங்க. ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாத பயலுக்கு என்ன மரியாத? கேலிக்குச் சொல்லல, ஊருக்கே தெரியும். இப்பவும் அவன் லோடு ஆட்டோ ஓட்டிட்டுப் போனா, சின்னப் பிள்ளைகள்லாம் பின்னாலயே ஓடி, ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக் காட்டும். இவன் சிரிச்சிட்டுப் போவான். சொரண கெட்ட ஜென்மம்.

புக்கு இந்த மஞ்சப் பையிலதான் இருக்கு. காட்டுதேன், நீங்க வெளியூர்க்காரரு, பேச்சிக்கண்ணு கட்சியும் இல்ல. கையில ஈரம் இல்லையே? சரி.

இந்தா, இந்தப் பக்கம். சித்திர மாசம், மேட்டுவிளை மைதானம், ஜில்லா பைனல். நம்ம பயலுவ அடிச்சது எண்பத்தி நாலு. அவனுவ பதினோரு ஓவர்ல எழுபத்தி அஞ்சு. ஆறு பந்துல பத்து ரன் அடிச்சா கப்பு அவனுவளுக்கு. இப்ப வாறாரு ஐயா, வேப்ப மரத்தடியிலருந்து. அங்க பேட் புடிச்சு நிக்கது தாவீதுன்னு ஒருத்தன். ஆறடி. மலையாளத்துல போயெல்லாம் துட்டுக்கு ஆடிட்டு வாறவன்.

இந்தக் கட்டத்தப் பாருங்க, இதான் அந்த ஓவர். மொதப் பந்து. தாவீது தட்டிவிட்டு ஓடிட்டான், ஒரு ரன். அடுத்த பந்து, எதிர்ப்பக்கம் இருந்தவன் சுத்துனான், படல. புள்ளி. படலன்னா புள்ளி வைக்கது வழக்கம். அடுத்த பந்துல அவனே ரெண்டு ரன். அடுத்தது, கால் விரல்ல போய் விழுந்துச்சு பாத்துக்கிடுங்க, நடுக்குச்சி பறந்துட்டு. அவுட்டு. அது நல்ல பந்துதான். நல்லத நல்லதுன்னு சொல்லிருவேன், எனக்கு ஓரவஞ்சன கெடையாது. சனம் பூராவும் உள்ள ஓடியாந்துட்டு. அம்பயரு மூங்கில் கம்ப எடுத்துக்கிட்டு வெரட்டுதான். ஒரே களேபரம்.

பொறவு ஒரு கட்டையன் உள்ள வந்தான். தட்டிவிட்டு ஓடுனான், ஒரு ரன். தாவீது இந்தப் பக்கம் வந்துட்டான். ஜெயிக்க இன்னும் ஆறு ரன் வேணும். இப்ப நடந்ததக் கேளுங்க, இதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. இவன் நேரா அம்பயர்ட்டப் போய்த் தொப்பிய வாங்குதான். வாங்கி மாட்டிட்டு நடக்கான். மேட்ச்சு முடிஞ்சிட்டாம். ஜெயிச்சிட்டாராம். என்ன திமிர் பாருங்க, பந்து பாக்கி இருக்கும்போதே. நம்ம பயலுவளும் இவன நம்பிக் குதிக்கானுவ. அந்தக் கட்சிக்காரன் விடுவானா, இன்னும் இருக்கு, இன்னும் இருக்குன்னு கத்துதான். அம்பயரு முழிக்கான். என்னப் பாத்துக் கேட்டான், "அண்ணாச்சி, பந்து எத்தன?"ன்னு. நான் புக்கப் பாத்தேன். எண்ணுனேன். எந்திரிச்சு நின்னு சொன்னேன், "ஒரு பந்து பாக்கி"ன்னு. மைதானத்துக்கே கேட்டுச்சு.

அப்ப இவன் திரும்பி என்ன ஒரு பார்வ பாத்தான். வாயத் தொறக்கல. சும்மா பாத்தான். என் டீமுக்காரனே எனக்கு எதிராச் சொல்லுதானேங்கிற மாதிரி. ஸ்கோரருக்கு டீமு உண்டா சார்? உள்ளத உள்ளபடி சொல்லுததுக்குத்தான நான் உக்காந்திருக்கேன். பொறவு தொப்பியத் திரும்பக் கழத்தி அம்பயர்ட்டக் குடுத்துட்டு வந்தான். போட்டான். தாவீது தூக்கி அடிச்சதுல பந்து வாத்தியார் குடியிருப்புக் கூரையத் தாண்டிட்டு. சிக்ஸு, ஆறு ரன். கப்பு போயிட்டு.

அதுல ஒரு வைடு கெடையாது, ஒரு நோபால் கெடையாது. அப்படி ஏதாவது போட்டிருந்தா அதுக்குப் பதிலா இன்னொரு பந்து போடச் சொல்லுவாவ, அதுக்கு வட்டம் போட்டுக் காட்டிருப்பேன். ஒரு வட்டம் உண்டா பாருங்க. அதனால சாக்குச் சொல்ல எடமே கெடையாது. சலூன்ல எத்தன சாக்குச் சொன்னானுவ தெரியுமா? பந்து நனைஞ்சிருந்துச்சும்பான் ஒருத்தன். வெயில் கண்ணுல அடிச்சுச்சும்பான் இன்னொருத்தன். பந்து போட்டவனுக்கு வெயில் முதுகுலலா அடிக்கும்? இவன்ட்டயே கேட்டா ஒரே பதில்தான். "போடச் சொன்னாவ, போட்டேன்." இருபத்திரெண்டு வருஷமா இதத் தவிர ஒரு வார்த்த கெடையாது. மண்டையில மசாலா இருந்தாலா பேசுவான்.

என்னது, அந்தக் கறுப்புப் புள்ளியா? கண்ணு கூர்மையாத்தான் இருக்கு உங்களுக்கு. எல்லாம் நீல மையில இருக்கு, அது மட்டும் கறுப்பு, ஆமா. அதச் சொல்லியே ஆகணும், அதான் என் தொழில் சுத்தத்துக்கு அத்தாட்சி. ஒருத்தன் அவுட்டானா ஸ்கோரருக்கு வேல ஜாஸ்தி. ஆளு பேரு, அவன் எடுத்த ரன்னு, எப்படி அவுட்டு, எத்தனையில விழுந்துச்சு, அம்புட்டும் எழுதணும். பேனா வேற மக்கர் பண்ணிட்டு. நான் எழுதிட்டு நிமுந்தா கட்டையன் ஓடிக்கிட்டிருக்கான். அதுக்கு முந்தி ஒரு பந்து அவனுக்குப் படாமப் போயிருக்கு, நான் கவனிக்கல. ரெண்டு நாள் கழிச்சு ஜெபசிங் வீட்டுக்கு வந்திருந்தான். "அந்தக் கட்டையன் மொதப் பந்த விட்டாம்லா அண்ணாச்சி, என் கைக்கு வந்துச்சு, மயிரிழையில ஸ்டம்பிங் தப்பிட்டான்"னு பேச்சுவாக்குல சொன்னான். ஒடனே புக்க எடுத்து அவுட்டுக்கும் அந்த ஒரு ரன்னுக்கும் நடுவுல புள்ளிய வச்சேன். வேற எவனா இருந்தா, ரன்னு வராத பந்துதான, போகட்டும்னு விட்டிருப்பான். நான் விடல. மொத்த ரன்னுல மாத்தம் இல்ல, ஆனாலும் எழுத்துன்னா எழுத்து.

என்ன சார், வெரல வச்சு என்ன எண்ணுதீங்க?

ஓவருக்கு ஆறு பந்துதான். அதான் மொதல்லயே சொன்னேன்லா.

ஏழா? ஏழு எப்படி இருக்கும்? பஸ்ஸு குலுக்குதுல்லா, தப்பா எண்ணிருப்பீங்க. இங்க குடுங்க.

ஒண்ணு. புள்ளி ரெண்டு. ரெண்டு ரன்னு, அது மூணாவது பந்து. அவுட்டு நாலு. கறுப்புப் புள்ளி அஞ்சு. ஒரு ரன்னு, ஆறு. சிக்ஸு...

இருங்க. கண்ணாடியத் தொடச்சிக்கிடுதேன்.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

வைடு இருந்திருக்கும். இல்ல, வைடு கெடையாது, நாந்தான இப்பச் சொன்னேன். ஜெபசிங் பொய் சொல்லிருப்பானோ? அவன் எதுக்குச் சொல்லுதான், பைபிளத் தொட்டுட்டுப் பல்லு வெளக்குதவன். கட்டையன் ஒரு பந்த விட்டது நெசம். எல்லாம் நெசம். நான் புக்கப் பாத்து எண்ணும்போது அஞ்சுதான் இருந்துச்சு சார். சத்தியமா அஞ்சுதான் இருந்துச்சு. அந்தப் புள்ளி அப்ப அதுல இல்லையே.

அப்ப அவன் தொப்பிய வாங்குனது...

ஓவர் முடிஞ்சுதான் வாங்கிருக்கான்.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க.

இல்ல, நான் கேக்கேன். தெரிஞ்சவன் அப்பவே சொல்லிருக்கணுமா இல்லையா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்? "அண்ணாச்சி, ஆறு முடிஞ்சிட்டு, திரும்ப எண்ணுங்க"ன்னு ஒரு வார்த்த சொன்னா நான் எண்ணிருக்க மாட்டேனா? எண்ணிருக்க மாட்டேன். எண்ணுனாலும் அஞ்சுதான வரும். அது சரி. ஆனா மேட்ச்சு முடிஞ்சப்பொறவாவது சொல்லிருக்கலாம்லா. எம்புட்டுப் பேரு கேட்டானுவ. ஸ்டம்ப உருவிட்டுலா கேட்டானுவ.

அதச் சொல்லலையே நான். அது பெருசா ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன். சிக்ஸு போனதும் நம்ம பயலுவளுக்குக் கோட்டி புடிச்சிட்டு. ஆளுக்கொரு ஸ்டம்பப் புடுங்கிட்டு அம்பயர்ட்டப் போனானுவ. எவம்லே ஒரு பந்து பாக்கின்னு சொன்னதுன்னு கேட்டானுவ. அம்பயரு வெளியூர்க்காரன், தப்பிச்சா போதும்னு கைய நீட்டி என் மேசையக் காட்டிட்டான். இருபது பேரு இருப்பானுவ. என்ன நோக்கி வாறானுவ. என் கையில ஒரு பேனா, அதுவும் மக்கர் பண்ணுத பேனா. பயந்துட்டேன் சார், இப்பச் சொல்லுததுக்கு என்ன.

இவன் எங்கருந்து வந்தான்னு தெரியல. குறுக்க வந்து என் மேசைக்கு முன்னால நின்னான். "ஒரு பந்து பாக்கி இருந்துச்சுலே, அண்ணாச்சி சொன்னது சரிதான். நாந்தான் எண்ணிக்கைய விட்டுட்டு மடத்தனமாத் தொப்பிய வாங்கிட்டேன்"னான். அவனுவளுக்கு எவனையாவது அடிக்கணும், இவன் அகப்பட்டுக்கிட்டான். சட்டையக் கிழிச்சானுவ. ஸ்டம்பு ஒண்ணு இங்க, காதுக்கு மேல விழுந்துச்சு. அன்னைலருந்துதான் ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதவன்னு பேரு. அந்தப் பேர இழுத்து இழுத்து ஊர் பூராவும் பரப்புனது நாந்தான், வேற யாரு?

நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. புக்கக் கக்கத்துல வச்சேன், சைக்கிள எடுத்தேன், வீட்டப் பாக்க வந்துட்டேன். எண்ணத் தெரியாதவனுக்கு வேணும், நல்லா வாங்கட்டும்னு நெனச்சுக்கிட்டே மிதிச்சேன். பின்னால திரும்பிக்கூடப் பாக்கல.

கேவலமா இருக்கு சார். இந்த வயசுல, பஸ்ஸுல, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் முன்னால இப்படிக் கேவலப்படணும்னு எழுதிருக்கு. நாலு நாளைக்கு முந்திகூட என்னப் பாத்து, "அண்ணாச்சி, பிரஷர் மாத்திர வாங்கணுமா, ஆலங்குளத்துக்குத்தான் போறேன்"னு கேட்டான். நான் பதில் சொல்லாம மொகத்தத் திருப்பிக்கிட்டேன். தெரிஞ்சுக்கிட்டே எப்படி சார் ஒருத்தன் இப்படிக் கேப்பான்? இருபத்திரெண்டு வருஷம். சலூன் வாசல்ல நின்னுக்கிட்டு நான் பேசுதது பூராவும் அவன் காதுல விழுந்திருக்கு. ஒருநாளு வந்து என் சட்டையப் புடிச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிக்காது.

அந்தக் கறுப்புப் புள்ளிய அழிச்சிரலாமான்னு உங்க கண்ணு கேக்கு. கேக்கலையா? அப்ப என் மனசுதான் கேட்டிருக்கு. பிளேடு வச்சுப் பைய சொரண்டுனா போயிரும். எவன் பாக்கப் போறான்? ஊர்ல எவனும் இந்தப் பக்கத்தத் தொறந்தது கெடையாது. நாந்தான் விடலையே. பேசாம மைக்குல நாலு நல்ல வார்த்த பேசிட்டு, ஷீல்டக் குடுத்துட்டு எறங்கிரலாம். அவனும் வாயத் தொறக்க மாட்டான், அது நிச்சயம்.

சீ. பதினாலு வருஷம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிட்டு, இன்னைக்குப் பிளேடு எடுக்கவா?

கண்டக்டர், விலக்கு வருதா? சொல்லுங்க, நான் எறங்கணும். அந்தா நிக்கு பாருங்க சார், பச்ச லோடு ஆட்டோ. அதுல சாஞ்சு நிக்கவந்தான். ஷீல்ட ஏத்திட்டுப் போறதுக்கு அவனையே அனுப்பி வச்சிருக்கானுவ, அறிவு கெட்ட கமிட்டி. தன் பேரு போட்ட ஷீல்டுக்குத் தானே வண்டி கொண்டாந்து நிக்கான் பாருங்க. தல நரைச்சுப் போச்சு அவனுக்கு. நான் இதுவரைக்கும் சரியாப் பாத்ததே இல்ல.

பெட்டிய நானே எடுத்துக்கிடுதேன். இல்ல, புக்கு பைக்குள்ள வேண்டாம், கையிலயே குடுங்க.

வாசிக்கத்தான் சார் போறேன். என்ன வாசிக்கணும்னு கொண்டாந்தேனோ அதத்தான் வாசிக்கப் போறேன். ஒவ்வொரு பந்தா, மைக்குல, கறுப்புப் புள்ளியையும் சேத்து. ஊரு என் கூடவே எண்ணும். அன்னைக்கு ஸ்டம்பத் தூக்குனவனுவ எல்லாம் முன் வரிசையிலதான் உக்காந்திருப்பானுவ, தொந்தியும் தொப்பையுமா. ஏழுன்னு சொல்லும்போது அவனுவ எந்திரிச்சு வரட்டும். வந்து என்னக் கேக்கட்டும், கேக்கதுக்கு அவனுவளுக்கு நியாயம் இருக்கு. இவன் மட்டும் குறுக்க வந்து நிக்கக் கூடாது. வண்டியில ஏறுனதும் மொதல்ல அதச் சொல்லணும். சொன்னாக் கேக்க மாட்டான் சார், திமிர் புடிச்ச பய.